கடல்பாசியைப் பெயர் சொல்லி விற்போம்



சில ஆண்டுகளுக்கு முன்பு, நோன்பு மாதம் பிறந்து இரண்டாம் நாள் மாலை, காரைக்காலில் சில்லறைக் கடை வைத்திருக்கும் ஒரு பாய் எனக்குப் போன் செய்தார். நெடுநாளைய வாடிக்கைக்காரர். "அண்ணே, என்ன பாசி அனுப்பியிருக்கீங்க? பாக்கெட்டைப் பிரிச்சா வெள்ளை நாரு இல்லை, கறுப்புச் சருகா இருக்குதுன்னு ஆறு வீட்டிலேருந்து வந்து நிக்கிறாங்க" என்றார். சிட்டையை எடுத்துப் பார்த்தேன். "பாசி 2 கிலோ" என்று எழுதியிருந்தது. நமது கடைப் பையன் கல்பாசியை எடுத்து அனுப்பிவிட்டான். அதுவும் நாங்களே 25 கிராம் பாக்கெட்டாகப் போட்டு, மேலே "பாசி" என்று மட்டும் சீட்டு ஒட்டிய சரக்கு. பையனைத் திட்டி என்ன பயன்? அப்படிச் சீட்டு அடிக்கச் சொன்னவன் நான்தானே. மறுநாள் காலையில் சரக்கை மாற்றிக் கொடுத்தேன். ஆனால் அந்த ஆறு வீடுகளில் அன்றைய நோன்பு திறப்புக்குக் கடல்பாசி இல்லாமல் போயிற்று. பாய் அதைப் பெரிதாகப் பேசவில்லை. பேசாததுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது.

அதன் பிறகுதான் இந்தச் சரக்கைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். நாற்பது ஆண்டுகளாக விற்கும் பொருளைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரிந்து வைத்திருந்தேன் என்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நம் கடைகளில் பாசி என்ற பெயரில் இருப்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. கல்பாசி மலைப் பகுதிகளில் மரப்பட்டையிலும் பாறையிலும் படர்வது. பிரியாணிக்கும் செட்டிநாட்டு மசாலாவுக்கும் போகிறது. கடலைக் கண்டதே இல்லை. அப்படியிருந்தும் அதையே "கடல்பாசி" என்று எழுதி விற்கும் கடைகள் இன்றும் உண்டு, சமையல் குறிப்பு எழுதுகிறவர்களும் அப்படியே எழுதுகிறார்கள். சுருள்பாசி என்ற ஸ்பைருலினா தொட்டியில் வளர்த்துப் பச்சைப் பொடியாக வருவது. அதுவும் கடல் சரக்கு அல்ல. போதாக்குறைக்குப் பாதாம் பிசினையும் கடல்பாசியையும் மாற்றிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், ஜிகர்தண்டாவில் இரண்டும் போடப்படுவதால். பிசின் மரத்திலிருந்து வடிவது. குளிர்ந்த தண்ணீரில் ஊறிப் பெருகும். கொதிக்க வைத்து ஆறவிட்டால் கடல்பாசி போல உறையாது.

உண்மையான கடல்பாசி, அதாவது நாம் சைனா கிராஸ் என்று விற்கும் வெள்ளை நார், சிவப்பு இனத்துக் கடற்பாசிகளைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, உறையவிட்டு, உலர்த்தி எடுக்கும் சாரம். அகர்-அகர் என்பது மலாய் மொழிச் சொல். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவுக்காரர்கள் இருக்கும் நம் ஊர்க் குடும்பங்களில் இந்தப் பெயர் புதிதல்ல. இதை நாராக உலர்த்தும் முறை 17-ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பார்கள். ஒரு விடுதிக்காரர் மீந்துபோன பாசிக்கூழைக் குளிர் இரவில் வெளியே கொட்டினாராம். அது இரவில் உறைந்து, பகலில் நீர் வடிந்து, சில நாளில் காய்ந்த நாராகக் கிடந்ததாம்.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு செய்தி. 1881-இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்தி வந்தார்கள். வெயில் காலத்தில் அது உருகி எல்லாம் பாழாயிற்று. அங்கே வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபேனி, தான் செய்யும் ஜெல்லி மட்டும் கோடையிலும் உருகுவதில்லை, அகரைப் போட்டுப் பாருங்கள் என்றார். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த ஒரு குடும்பத்தாரிடம் அந்த அம்மாள் கற்ற சமையல் அது. இன்றைக்கும் உலகம் முழுவதும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் கிருமி வளர்க்கும் தட்டில் இருப்பது நாம் பொட்டலம் கட்டும் இதே சரக்கின் சுத்தமான வகைதான்.

அந்த அம்மாள் கண்டது நமக்கு வியாபாரத்தில் நேரடியாக உதவும். ஜெலட்டின் மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும், வெளிநாடுகளில் பன்றித் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. அதைச் சிலர் பெயர் போடாமல் "ஜெல்லி பவுடர்" என்று உதிரியாக விற்கிறார்கள். நம்மிடம் வாங்குகிறவர்களில் சைவ வீட்டுக்காரர்கள் உண்டு, ஹலால் பார்க்கிற இஸ்லாமியக் குடும்பங்கள் உண்டு. இருவருக்குமே இது விளையாட்டு விஷயம் அல்ல. சந்தேகம் வந்தால் கொஞ்சம் காய்ச்சி உறைய வைத்து, நம் ஊர் மத்தியான வெயிலில் நிழலான இடத்தில் வையுங்கள். கடல்பாசி 85 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் மீண்டும் உருகும். ஜெலட்டின் 35 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். பாக்கெட் சரக்கானால் எண்ணைப் பாருங்கள்: அகர் 406, கராஜீனன் 407, ஜெலட்டின் 428. கராஜீனனும் கடற்பாசிச் சாரம்தான், ஐஸ்கிரீம் உறைகளில் அடிக்கடி காணலாம்.

இப்போது சத்து விஷயத்துக்கு வருகிறேன். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அண்மையில் ஒரு பேக்கிங்காரரின் சைனா கிராஸ் பாக்கெட் என் கைக்கு வந்தது. மேலே "அயோடின், புரதம், கால்சியம் நிறைந்தது, தைராய்டு, சர்க்கரை, மூட்டுவலி நீக்கும்" என்று அச்சடித்திருந்தார்கள். கடற்பாசியின் பெருமையை எல்லாம் எடுத்துச் சாரத்தின் தலையில் ஏற்றிவிட்டார்கள். கடலில் விளையும் முழுப் பாசியில் சத்து உண்டு என்பது மெய். அயோடின், சுண்ணாம்பு, இரும்பு, மக்னீசியம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஜப்பானியர் சோற்றைச் சுற்றிச் சாப்பிடும் நோரி என்ற சிவப்புப் பாசியில், காய்ந்த எடையில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் புரதம் உண்டு. நம் இராமநாதபுரம் கடற்கரையில் கஞ்சிப்பாசி என்று ஓர் இனத்துக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். காய்ச்சிக் கஞ்சியாகக் குடித்ததால் வந்த பெயர். ஆனால் அந்தப் பாசியைக் கழுவி, வெளுக்க வைத்து, காய்ச்சி வடித்து எடுத்த நாரில் மிஞ்சுவது பெரும்பாலும் நார்ச்சத்து ஒன்றுதான். வயிற்றை நிரப்பும், மலச்சிக்கலுக்கு நல்லது, உடம்பு கூடாது. இது போதாதா? பகலெல்லாம் பட்டினி கிடந்த உடம்புக்கு இளநீரோ பாலோ சேர்த்து உறைய வைத்த ஒரு துண்டு எவ்வளவு இதமாக இருக்கும் என்பது சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். அதில் சத்து என்றால் அந்தப் பாலிலும் இளநீரிலும் இருப்பது.

அயோடின் விஷயத்தில் இன்னும் ஒரு எச்சரிக்கை. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். நாம் விற்கும் அயோடின் உப்பில், விற்பனை நிலையில், கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். 10 கிராம் உப்பில் அந்த 150 வந்துவிடுகிறது. 2006 மே மாதம் முதல் சாப்பாட்டுக்கு அயோடின் இல்லாத உப்பை விற்கக் கூடாது என்று தடை வந்தபோது நம்மில் பலர் முணுமுணுத்தோம், நானும்தான். இப்போது வெளிநாட்டிலிருந்து கொம்பு என்ற பழுப்புப் பாசி நகரத்துக் கடைகளுக்கு வருகிறது. அதில் ஒரு கிராமிலேயே ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேல் அயோடின் இருக்கக்கூடும். தைராய்டுக்கு நல்லது என்று ஒருவர் அள்ளிச் சாப்பிட்டால் நோய் கூடவும் செய்யும். ஹிஜிகி என்ற இன்னொரு பாசியில் ஆர்செனிக் அதிகம் என்று 2004-இல் பிரிட்டன் அரசு மக்களைச் சாப்பிட வேண்டாம் என்றே அறிவித்தது. ஆகையால் தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் கேட்டால், "டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்க" என்று சொல்வதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

சட்டமும் நம்மைச் சும்மா விடவில்லை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான சீட்டு ஒட்டிய சரக்குக்கு 3 லட்சம் ரூபாய் வரை, பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம். அச்சடித்தது பேக்கிங்காரர், எனக்கென்ன என்று கல்லாவில் இருப்பவர் ஒதுங்க முடியாது; விற்றவருக்கும் பொறுப்பு உண்டு என்று அதிலேயே இருக்கிறது. அந்த பாக்கெட்டுகளை நான் திருப்பி அனுப்பிவிட்டேன். கமிஷன் நல்ல கமிஷன்தான்.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் காரைக்கால் கரை காவிரிக் கிளைகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும். பாசி பிடித்து வளரப் பாறையோ பவளத்திட்டோ வேண்டும். அது தெற்கே, பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சரக்கு நின்றபோதுதான் நம் நாட்டில் அகர் எடுக்கும் முயற்சியே சூடு பிடித்தது. பின்னர் மதுரைப் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றுக்குக் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப்பாசியும் கொடுப்பவர்கள் அந்தத் தீவுக் கடலில் மூழ்கி எடுக்கும் பெண்கள். பவளக்கல் கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். அந்தத் தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, பரம்பரையாகப் போன இடத்துக்கே போகத் தடை என்றானது. அதற்காக அவர்கள் சண்டை மட்டும் போடவில்லை. பாசி அழிந்துவிடாமல் இருக்க மாதத்தில் பாதிக்கும் குறைவான நாளே எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களை ஒன்று சேர்த்த சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது. நம் சங்கங்கள் கற்றுக்கொள்ள அவர்களிடம் விஷயம் இருக்கிறது.

வளர்ப்புப் பாசியின் கதை வேறு. கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டு இனம் 1984-இல் ஜப்பானிலிருந்து கொண்டுவரப்பட்டது. 2000-ஐ ஒட்டி பெப்சி கம்பெனி அதை நம் கடலில் வளர்க்க இறங்கியதால் மீனவர்கள் அதற்குப் "பெப்சி பாசி" என்றே பெயரிட்டார்கள். மூங்கில் தெப்பத்தில் கட்டிவிட்டால் சுமார் 45 நாளில் அறுவடை. இதிலிருந்துதான் கராஜீனன் எடுக்கிறார்கள். இதன் சாற்றைத்தான் இஃப்கோ "சாகரிகா" என்று விற்கிறது. உரக்கடை வைத்திருக்கும் நம் நண்பர்களிடம் இருக்கும். நல்ல வருமானம் தந்தது. ஆனால் 2008-இல் இதே பாசி குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதாக ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். சில ஆண்டு கழித்து வளர்ப்பும் பெருமளவு அழுகிப் படுத்தது. 2021 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குக் கடற்பாசிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. வரட்டும். ஆனால் கம்பெனிக்குச் சாரம் எடுக்கும் ஒரே இனத்தை நம்பாமல், உள்ளூர்க் கஞ்சிப்பாசியை உணவாகவே சுத்தம் செய்து, உலர்த்தி, பரிசோதனைச் சீட்டோடு சந்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அப்படி வந்தால் சத்து என்று தைரியமாகச் சொல்லி விற்க ஒரு பாசி நமக்குக் கிடைக்கும். அரிசியும் பருப்பும் விற்கிற நம்மால் அதைப் பழக்கப்படுத்த முடியாதா என்ன? சேமியாவும் ஓட்ஸும் நாம் பழக்கியவைதானே.

அது வரும்வரை என் கடையில் செய்திருப்பதைச் சொல்கிறேன். சிட்டையில் "பாசி" என்று எழுதி வந்தால் சரக்கு எடை போடுவதில்லை. போன் செய்து எந்தப் பாசி என்று கேட்ட பிறகே போடுகிறோம். கல்பாசியும் கடல்பாசியும் ஒரே அலமாரியில் இருப்பதில்லை. கடல்பாசிச் சீட்டில் "அகர்-அகர், 406, சைவம்" என்றும், பேக் செய்த தேதியும், நம் கடைப் பெயரும், கீழே சின்ன எழுத்தில் "தண்ணீரில் ஊறவைத்து, நன்றாகக் கொதித்துக் கரைந்த பிறகு பயன்படுத்தவும், எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் சேர்க்கவும்" என்றும் போடுகிறோம். காய்ந்த நாரை அப்படியே மென்று விழுங்கினால் தொண்டையில் ஊறிப் பெருகி அடைத்துக்கொள்ளும் என்பதையும் கடைப் பையன்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மதுரைச் சரக்கு கேட்டால் தனியாகத் தருகிறோம். வெளிநாட்டு நார் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும், அதைக் கேட்பவர்களுக்கு அது.

அடுத்த நோன்புக்கு முன்பாக நம் சங்கத்திலிருந்து நாலைந்து பேர் ஒருமுறை மண்டபம் போய்வரலாம் என்று செயற்குழுவில் கேட்டிருக்கிறேன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் சென்னையில் தொடங்கி 1949-இல் அங்கே இடம் மாறியது, இன்றும் அதன் கிளை அங்கே இருக்கிறது. அவர்களையும் பாசி எடுக்கும் பெண்களையும் நேரில் பார்த்துப் பேசி, நேரடிக் கொள்முதல் முடியுமா என்று தெரிந்துகொள்ளலாம். வர விரும்பும் அன்பர்கள் மாதக் கூட்டத்தில் பெயர் கொடுக்கவும். செலவு அவரவருடையது.