பதினைந்து கடல்மைல் தள்ளிப் போனால் என்ன?

யானை ரயிலில் அடிபட்டால் அன்றைக்கே நாட்டுக்குத் தெரிந்துவிடும். படம் வரும், வட்ஸ்அப்பில் கண்ணீர் வரும், ரயிலின் வேகத்தைக் குறைக்கச் சொல்லி நாலு பேராவது கதைப்பார்கள். திமிங்கிலம் கப்பலில் அடிபட்டால் பெரும்பாலும் ஒருவருக்கும் தெரியாது. அடித்த கப்பலில் இருப்பவர்களுக்கே தெரியாது, அவ்வளவு பெரிய கப்பல்கள். உடல் தாழ்ந்து போய்விடும். 2012 இல் ஒரு கொள்கலன் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்தபோது அதன் முன்பக்கத்தில் ஒரு நீலத் திமிங்கிலம் மடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படம் இப்பவும் இணையத்தில் இருக்கு. உடல் கப்பலில் சிக்கி வந்ததால்தான் அந்த ஒன்று கணக்கில் வந்தது.

தெற்கில், மாத்தறைக்கும் மிரிஸ்ஸவுக்கும் நேரே, உலகத்தின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. மலாக்கா நீரிணைக்கும் சுயெஸ் கால்வாய்க்கும் இடையில் ஓடுகிற கப்பல்கள் தெவிநுவர முனையை உரசிக்கொண்டுதான் திரும்பும். அதே இடத்தில்தான் நீலத் திமிங்கிலங்களும் சாப்பிடுகின்றன. அங்கே கடற்படுகை கரைக்குக் கிட்டவே சட்டென்று ஆழமாகிறது, அடியில் இருந்து சத்துள்ள நீர் மேலே வருகிறது, சின்ன இறால்கள் பெருகுகின்றன. மற்றக் கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் கோடையில் குளிர்ப் பக்கம் போய்ச் சாப்பிட்டு, குளிர்காலத்தில் சூடான பக்கம் திரும்பும். எங்கட பக்கத்துத் திமிங்கிலங்கள் அப்படி அந்தாட்டிக்கா போவதில்லை. வருடம் முழுக்க இந்தச் சூடான வட இந்து சமுத்திரத்திலேயே சீவிக்கின்றன. ஆஷா டி வொஸ் என்ற இலங்கை ஆய்வாளர் இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதாவது, ஆபத்தான காலத்தில் வேறெங்காவது போய்விடும் என்று நாங்கள் ஆறுதல்பட முடியாது. இதுதான் அவற்றின் வீடு.

அந்த உடம்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. சுமார் 5 கோடி வருடங்களுக்கு முன்னர் இதன் மூதாதை நாலு காலில் நடந்த விலங்கு. அதன் எலும்புகளைப் பாகிஸ்தானில் கண்டெடுத்திருக்கிறார்கள். பிறகு மூக்குத்துவாரம் மெல்ல மெல்லத் தலையின் உச்சிக்கு ஏறியது. முன்கால் துடுப்பானது. பின்கால் காணாமல் போனது, இடுப்பெலும்பின் மிச்சம் மட்டும் இன்னமும் உள்ளே கிடக்கிறது. பல்லுக்குப் பதிலாகச் சீப்பு மாதிரித் தகடுகள். தசை நிறைய மயோகுளோபின், அதிலேயே ஒட்சிசனைச் சேமித்து வைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகும். ஒரு மூச்சில் நுரையீரலில் உள்ள காற்றில் பெரும்பகுதியை மாற்றிவிடும்; எங்களால் அதில் சின்னப் பங்கைத்தான் மாற்ற முடியும். 2019 இல் வெளியான ஆய்வொன்றுக்காகக் கலிபோர்னியாக் கரையில் ஒரு நீலத் திமிங்கிலத்தின் இதயத்துடிப்பை அளந்திருந்தார்கள். ஆழத்தில் இருக்கும்போது சிலவேளை நிமிடத்துக்கு இரண்டே துடிப்பு. மேலே வந்து மூச்செடுக்கும்போது முப்பதைத் தாண்டுகிறது.

இவ்வளவு மாறியும் ஒன்று மாறவில்லை. மீனைப்போல செவுள் இல்லை, மேலே வந்தே ஆகவேண்டும். இருபது மீற்றருக்கு மேல் நீளமான இந்த உடம்புக்கு மேற்பரப்பில் பயப்பட அதிகம் ஒன்றும் இருந்ததில்லை, அதனால் வேகமாக வரும் பெரிய பொருளைக் கண்டால் சட்டென்று விலகுகிற பழக்கமும் இல்லை. கப்பல் நெருங்கினால் மெதுவாக அமிழத்தான் பார்க்கும். நேரம் போதாது. அது போக, தாழ்ந்த ஒலியில் தொலைதூரம் கதைத்துக்கொள்ளும் விலங்கு இது. கப்பல் இயந்திரத்தின் இரைச்சலும் அதே தாழ்ந்த ஒலியில்தான். சந்தைக்குள் நின்று இரகசியம் பேசுகிற மாதிரி.

தீர்வு ஒன்றும் அதிசயமில்லை. பாதையை 15 கடல்மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 வீதம் குறையும் என்று 2016 இல் வந்த ஆய்வொன்று சொல்கிறது. கப்பலுக்குக் கூடுவது சில கடல்மைல்தான். எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் 2022 இல் தானாகவே தன்னுடைய கப்பல்களைத் தள்ளிப் போகச் சொன்னது. ஆனால் ஒரு நிறுவனம் மாறினால் மற்றவைக்குக் கட்டாயம் ஒன்றுமில்லை. பாதையை முறையாக மாற்ற வேண்டுமென்றால் சர்வதேச கடல்சார் அமைப்பிடம் இலங்கை அரசுதான் கேட்க வேண்டும்.

துறைமுக வருமானம் போய்விடும் என்பார்கள். கப்பல் பாதைக்குப் பக்கத்தில் இருப்பதுதானே அம்பாந்தோட்டையின் பெருமை. எங்களுக்கு இந்த வாதம் விளங்கவில்லை. துறைமுகத்தில் வேலையுள்ள கப்பல் 15 கடல்மைல் அப்பால் இருந்தும் உள்ளே வரும். வேலையில்லாத கப்பல் கரையோரமாகப் போனாலும் ஒரு சதம் தராது. அந்தப் பாதைக்குள்தான் சின்னப் போட்டில் தொழிலுக்குப் போகிற மீனவர்களும் திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போகிற போட்களும் நிற்கின்றன என்பதை ஏன் ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை? (அந்தச் சுற்றுலாப் போட்களும் புனிதமில்லை. 100 மீற்றருக்குள் நெருங்கக் கூடாது என்று விதி இருக்கு. செல்பிக்காக அதை மறப்பதும் நடக்கிறது.)

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இது என்னத்துக்கு என்று எங்களிடம் கேட்டவர்கள் உண்டு. உயிரியல் படித்தவர்கள் தங்கட பதிலைச் சொல்லி வருடங்களாகிவிட்டன. இப்ப மிச்சம் இருப்பது யார் முடிவெடுப்பது, யாருடைய இலாபம், யாருடைய கடல் என்ற கேள்விகள். அவை எங்கட பாடங்கள்தான்.

தமிழில் இதைப்பற்றி அநேகமாக ஒன்றும் எழுதப்படுவதில்லை என்பது இன்னொரு குறை. திமிங்கிலம் மிரிஸ்ஸவுக்கு மட்டும் சொந்தமில்லையே. திருகோணமலையில் கோணேசர் கோயில் மலையில் நின்றே சில மாதங்களில் திமிங்கிலம் விடும் மூச்சைக் காணலாம். 1980களின் தொடக்கத்தில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் பாய்க்கப்பலில் வந்து திருகோணமலைக் கடலில் இவற்றைப் படித்தார்கள். பிறகு யுத்தம். கடலுக்குப் போக பாஸ், போகத் தடை, கரையெல்லாம் முட்கம்பி. அதற்குப் பிறகு சுனாமி, இப்ப இழுவைப்படகு. எங்கட வீடுகளில் கடல் என்றால் இழப்புத்தான் கதையாக வரும், அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தடைக் காலத்திலும் அந்தக் கடலுக்குள் இருந்து மூச்செடுத்துக்கொண்டு ஒரு சீவன் இருந்திருக்கிறது. அதைப்பற்றி அப்பாமார், மாமாமாரிடம் கேட்டால் கதை வரும். தொழிலுக்குப் போனவர்கள் எங்கே, எந்த மாதம், எத்தனை கண்டார்கள் என்று சொல்லுவார்கள். இந்த லீவுக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் அதைக் கேட்டு எழுதி எங்களுக்கு அனுப்புங்கோ. அடுத்த பதிவில் அவற்றைச் சேர்த்துப் போடுவோம். பாதையை மாற்றச் சொல்லி எழுதுகிற கடிதத்தையும் மூன்று மொழியிலும் எழுதுவோம்.