கல்லில் பூத்த பஞ்சு



கல் என்றதும் கடினமே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயினும் பஞ்சுப் பொதி போல் தோன்றும் கல்லும் உண்டு. மகாராஷ்டிரத்தின் மும்பை, புனே வட்டாரக் கல் குவாரிகளில் கிடைத்து, கனிமம் சேகரிப்போர் பெரிதும் போற்றும் ஓகெனைட் என்பதே அது. ஜெர்மானிய இயற்கை அறிஞர் லோரன்ஸ் ஓகெனின் பெயர் 1828-இல் இதற்குச் சூட்டப்பெற்றது.

ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பரவி இறுகியது. அதனுள் அகப்பட்ட வாயுக் குமிழிகள் வெற்றுக் குழிகளாக நின்றன. பின்னர் அவற்றில் கசிந்த வெந்நீர், தான் கரைத்து வந்த கால்சியத்தையும் சிலிக்காவையும் சிறிது சிறிதாகப் படியவைத்தது.

அத்தகைய குழியொன்றைப் பிளந்தால் காண்பது யாது? சுவரெங்கும் மினுமினுக்கும் குவார்ட்ஸ் படிகங்கள்; அவற்றின்மேல் நெல்லிக்காயளவில் வெண்ணிற உருண்டைகள். ஒரே மையத்திலிருந்து எல்லாத் திசையிலும் கிளம்பிய மயிரிழைகளே ஒவ்வோர் உருண்டையும். சிலவற்றில் கண்ணாடி போன்ற அப்போபிலைட் படிகமும் அருகே அமர்ந்திருக்கும். மென்மையும் கூர்மையும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்த காட்சி இது.

கோடி ஆண்டுகள் நிலைத்த இவ்வழகை ஒரு விரல் நொடியில் அழித்துவிடும். அழுந்திய இழை மீண்டும் நிமிர்வதில்லை. நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனவே இதனைக் கண்ணாடிப் பேழையில் வைத்தே காக்கின்றனர். நீலமும் சிவப்புமாகக் கடைகளில் விற்கப்படும் உருண்டைகள் சாயம் ஏற்றப்பட்டவை; வாங்குவோர் ஏமாற வேண்டா.

தொடாதிருப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இழையுள்ள கனிமங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரும் இழைக் கனிமமே. அதன் தூசியைச் சுவாசிப்பதால் நுரையீரல் நோயும் புற்றுநோயும் விளைகின்றன. துருக்கியின் கப்படோசியாப் பகுதியில், எரியோனைட் என்னும் இழைக் கனிமம் கலந்த பாறைகளிடையே வாழ்ந்த சில சிற்றூர் மக்களை, நுரையீரல் உறையைத் தாக்கும் கொடிய புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக வாட்டியது. வீடு கட்டிய கல்லிலும் அது இருந்தது.

ஆகவே பெற்றோரே, மலையடிவாரத்திலோ குவாரியருகிலோ நார்நாராய்ப் பிரியும் கல்லொன்றைப் பிள்ளைகள் கண்டெடுத்தால், அதை உரசவும் ஊதவும் பிய்க்கவும் விடாதீர்கள். இன்னதென்று அறிந்தவரிடம் காட்டுங்கள். அதுவரை கண் காணட்டும். கை விலகி நிற்கட்டும்.