நம்ம டீஃபால்ட்டை யார் முடிவு பண்றது, பாஸ்?

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் 'ஒரு டீ' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். சர்க்கரை போட்டுத்தான் வரும். வேணாம்னா நீங்கதான் வாயைத் திறக்கணும். டீஃபால்ட்டும் இதேதான். வாயைத் திறக்காத ஆளுக்காக வேற யாரோ எடுத்து வெச்ச முடிவு!

லினக்ஸிலும் இதே கதை. ஒரே மென்பொருளுக்கு ரெண்டு மூணு வெர்ஷன் இருக்கும். எது தானாக வந்து உட்காரணும் என்பதை பேக்கேஜ்களைத் தொகுப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். 'இருக்கிறதுலயே புதுசைப் போட வேண்டியதுதானே' என்கிறீர்களா? சிக்கலே அங்கேதான்.

பைத்தானை எடுத்துக்கோங்க. 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தது. பழைய 2-க்கு எழுதிய பல புரோகிராம்கள் அதில் அப்படியே ஓடாது. ஆர்ச் லினக்ஸ்காரர்கள் 2010-லேயே துணிஞ்சு, 'பைத்தான்' என்றால் இனி 3-தான் என்று மாற்றிவிட்டார்கள். டெபியன்காரர்களோ 2019-ல் வந்த 10-ம் பதிப்பு வரை அந்தப் பெயரை 2.7-க்கே வைத்திருந்தார்கள். சோம்பேறித்தனம் இல்லை பாஸ்... அதை நம்பி ஏகப்பட்ட பேக்கேஜ்கள் நின்றன. அத்தனையையும் மாற்றி, ஓட்டிப் பார்க்கணுமே! 2020 ஜனவரி 1-ம் தேதியோடு பைத்தான் 2-க்கு ஆதரவு முடிந்தது. 2021-ல் வந்த டெபியன் 11-ல் 'பைத்தான்3' என்று எண்ணோடு சேர்த்து அடித்தால்தான் வேலை நடக்கும்.

எங்கேயோ நடக்கிற பஞ்சாயத்து நமக்கெதுக்கு? 2007-ல் சென்னை சி-டாக் வெளியிட்ட நம்ம ஊரு 'பாஸ்' லினக்ஸ், டெபியன் மேல் கட்டியதுதான். அரசு தந்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு அதுவும் வந்தது. ஆக, உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள் எடுத்த முடிவு, திருக்கழுக்குன்றத்துப் பள்ளி வரைக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது.

ஒரு சாம்பிள்... 3-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் பைத்தான் 2 தருவது 1. பைத்தான் 3 தருவது 1.5. எரர் வந்தாலாவது கூகுளாண்டவர் காப்பாத்துவார். தப்பான விடை சத்தமில்லாமல் வந்தால்? லேப் எக்ஸாமில் மார்க் காலி!

நல்ல நெட் வெச்சிருக்கிறவர் அஞ்சு நிமிஷத்தில் வேற வெர்ஷன் போட்டுக்குவார். அண்ணன் கொடுத்த பழைய லேப்டாப்பும், சாயங்காலத்துக்குள் தீர்ந்துபோகிற டேட்டாவும் வைத்திருக்கிறவருக்கு வந்ததுதான் கதி. டீஃபால்ட்டைத் தேர்வு செய்பவர்கள் இவரை நினைத்துத்தான் தேர்வு செய்யணும்.

நீங்க ரெண்டு வேலை செய்யலாம். ரெக்கார்டு நோட்டில் புரோகிராமுக்கு மேலே வெர்ஷன் எண்ணை எழுதுங்க. அப்புறம், ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால் டெபியனில் பேக்கேஜ்களை 'ஃப்ரீஸ்' செய்வார்கள். அதற்கு முன்பே டெஸ்டிங் பதிப்பில் உங்க லேப் புரோகிராமை ஓட்டிப் பாருங்க. உடைஞ்சா, பக் ரிப்போர்ட் போடுங்க. அரியர் எத்தனைன்னு யாரும் கேட்க மாட்டாங்க!