சுடாததற்கா இத்தனை புகழ்?

2022 ஜூலை 9இல் இலங்கை ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் நுழைந்தபோது படுகொலை நடக்கவில்லை. ஆகவே இராணுவமே அரசியலமைப்பைக் காத்தது என்கிறார்கள் சிலர். ஜூலை 22ஐ ஏன் மறக்கிறார்கள்?

ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாகப் பதவியேற்ற மறுநாள் அது. அன்று பிற்பகல் ஜனாதிபதி செயலகத்தை விட்டு வெளியேறுவதாக அறிவித்திருந்த காலிமுகத்திடல் போராட்டக்காரர்களை, விடியுமுன்னரே படையினர் அடித்து விரட்டினார்கள். அவருக்கு முன் ஜனாதிபதியாக இருந்த கோட்டாபய ராஜபக்ச மாலைதீவுக்குத் தப்பியதும் விமானப்படை விமானத்தில்தான்.

அரசியலமைப்பை உண்மையில் காப்பவை வேறு. ஜனாதிபதி பிரதமரை நீக்கி நாடாளுமன்றத்தைக் கலைத்த 2018 நெருக்கடியைத் தீர்த்தவை டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகத் தந்த தீர்ப்பும், நாடாளுமன்றப் பெரும்பான்மையும், வீதிக்கு இறங்கிய குடிமக்களும். படை முகாமில் இருந்தது. அதன் இடம் அதுதான், அதற்கு மாலை எதற்கு?

கிழக்கில் பெரியநீலாவணை முதல் கல்முனை வரை, போர்க்காலச் சோதனைச் சாவடிகளை அறிந்த தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இந்தப் புகழுரை எடுபடாது. தமிழர்மீதும் முஸ்லிம்கள்மீதும் பாவித்த 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையே 2022 ஓகஸ்டில் மாணவர் தலைவர் வசந்த முதலிகே மீதும் அரசு பாவித்தது.