"அரை மணி நேரத்தில் ரெடி" என்று எழுதாதே கண்ணு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் சொல்லப்போவதில்லை, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். கணக்கில் சுமார், கைவேலையில் கெட்டி. வகுப்பறை ஜன்னலில் தாழ்ப்பாள் கழன்றால் நான் அவனைத்தான் கூப்பிடுவேன். படிப்பு முடிந்ததும் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போனான். பிறகு சேலத்தில் ஒரு கார் கண்ணாடிக் கடையில் பன்னிரண்டு வருடம் வேலை. இப்போது பழைய ஈகோ வேன் ஒன்றை வாங்கி, சொந்தமாகத் தொழில் தொடங்கியிருக்கிறான். கடை கிடையாது. கண்ணாடி, பசை, கருவி எல்லாம் வேனில். கார் எங்கே நிற்கிறதோ அங்கேயே போய் உடைந்த கண்ணாடியை மாற்றித் தருவது. வேன் வாங்க மனைவியின் ஆறு பவுன் அடகுக்குப் போயிருக்கிறது.

"டீச்சர், நோட்டீஸ் அடிக்கப் போறேங்க. ஒரு தடவை பார்த்துக் குடுங்க. அப்படியே உங்க பேஸ்புக்குலயும் போட்டுருங்க. நீங்க சொன்னா ஊரே நம்பும்" என்றான்.

ஓய்வு பெற்று வருடங்கள் ஆனாலும் சிவப்புப் பேனா இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. எடுத்தேன். அவன் எழுதி வந்தது இதுதான்:

"எங்கும், எப்போதும்! அரை மணி நேரத்தில் ரெடி! இன்சூரன்ஸ் மூலம் முற்றிலும் இலவசம்! 5000க்கும் மேற்பட்ட மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்!"

ஒற்றுப்பிழை இரண்டு இருந்தது, திருத்தினேன். மற்றதைத் திருத்தப் பேனா போதவில்லை, பேச வேண்டியிருந்தது.

"5000 பேரா? வேன் வாங்கி எத்தனை நாள் ஆச்சு?"

"இருபது நாளுங்க. அது பழைய கடையில செஞ்சதையும் சேர்த்துங்க டீச்சர்."

"சரி. அரை மணி நேரத்துல முடியுமா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அவனே ஒரு பாடம் எடுத்தான். அந்த நேரம் நான் மாணவி.

பழைய லாரிகளில் முன் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் நிற்கும். பீடிங்கைப் பிரித்து மாற்றினால் உடனே வண்டியை எடுக்கலாம். இப்போதைய கார்களில் அப்படி இல்லை. பாலியூரித்தேன் என்ற பசையால் கண்ணாடியைக் கார் உடம்போடு ஒட்டியிருப்பார்கள். பழைய பசையை அறுத்து எடுத்து, விளிம்பைச் சுத்தம் செய்து, பிரைமர் தடவி, புதுப் பசை வைத்துக் கண்ணாடியை உட்கார வைக்க வேண்டும். அந்தப் பசை காற்றில் உள்ள ஈரப்பதத்தை வாங்கித்தான் இறுகும். ஒரு மணி நேரத்தில் வண்டி எடுக்கக்கூடிய பசையும் உண்டு, பல மணி நேரம் கேட்கும் பசையும் உண்டு. வெயிலையும் ஈரப்பதத்தையும் பொறுத்து மாறும். எவ்வளவு நேரம் என்று பசை டப்பாவோடு வரும் குறிப்பிலேயே போட்டிருக்கும்.

"அதுக்குள்ள வண்டிய எடுத்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"வெளியே பார்க்க ஒண்ணும் தெரியாதுங்க டீச்சர். ஆக்சிடென்ட் ஆனாத்தான் தெரியும்."

முன் கண்ணாடி காற்றையும் தூசியையும் மறைக்க மட்டும் இருக்கிறது என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வண்டி உருண்டால் கூரை அமுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டாம். பல கார்களில் டிரைவர் பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் மேல் நோக்கி விரிந்து, கண்ணாடியில் மோதித்தான் ஆள் பக்கம் திரும்புகிறது. 2021 ஏப்ரல் முதல் புதிதாக வரும் கார் மாடல்களில் அந்த சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். பசை இறுகாமல் இருந்தால் ஏர்பேக்கின் வேகம் கண்ணாடியையே வெளியே தள்ளிவிடலாம். நம் வீடுகளில் அந்த சீட்டில் யார் உட்காருவது? வீட்டுப் பெண்கள், வயதானவர்கள்.

"இவ்வளவு தெரிஞ்ச நீ எப்படி அரை மணி நேரம்னு எழுதின?"

"எல்லாரும் அப்படித்தான் போடறாங்க டீச்சர்."

முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நான் கேட்ட பதில் இது. காப்பி அடித்தவனும் இதைத்தான் சொல்வான்.

அடுத்து "முற்றிலும் இலவசம்". இதையும் தெரிந்துகொள்ளுங்கள், கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்படும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் எடுத்திருந்தால் உங்கள் கண்ணாடிக்கு ஒரு பைசா வராது. முழுக் காப்பீடு இருந்தால், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி தேய்மானம் கழிப்பது போலக் கண்ணாடிக்குக் கழிக்கமாட்டார்கள். அது உண்மை. ஆனால் கட்டாயமாக நாம் கட்ட வேண்டிய தொகை ஒன்று உண்டு. 1500 சிசி வரை உள்ள காருக்கு 1000 ரூபாய், அதற்கு மேல் 2000. அதோடு க்ளெய்ம் போட்டால் நோ க்ளெய்ம் போனஸ் பாதிக்கப்படும். முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாமல் இருந்தால் 50 சதவீதம் வரை சொந்தச் சேதப் பிரீமியத்தில் குறையும் சலுகை அது. சின்னக் காரின் கண்ணாடிக்காக அதை இழப்பது சில சமயம் நஷ்டம். "இலவசம்" என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் ஒளிந்திருக்கிறது.

"எங்கும், எப்போதும்" என்பதும் அப்படித்தான். மழையில் செய்ய முடியாது. தூசி பறக்கும் ரோட்டோரத்தில் செய்தால் பசை சரியாகப் பிடிக்காது. மேலே கூரையும் கீழே சமதரையும் வேண்டும். முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த புதுக் கார்களில், கண்ணாடி மாற்றியபின் கேமராவைச் சரிபார்த்து அளவமைக்க வேண்டும். அந்தக் கருவி இவன் வேனில் இல்லை.

நான்கு வரியில் நாலும் போய்விட்டது. பையன் முகம் வாடிவிட்டது.

இப்போது என் கருத்து.

கடை வைத்திருப்பவனுக்குக் கடையே ஜாமீன். கண்ணாடி ஒழுகினால் போய்ச் சண்டை போட ஒரு கதவு இருக்கிறது. நடமாடும் தொழிலில் அந்தக் கதவு இல்லை. வாடிக்கையாளர் மனதில் உள்ள முதல் கேள்வி "எவ்வளவு சீக்கிரம்?" என்பதாக இருக்காது. "நாளைக்கு மழையில் தண்ணீர் உள்ளே வந்தால் இவனை எங்கே போய்த் தேடுவது?" என்பதாகத்தான் இருக்கும். விளம்பரம் பதில் சொல்ல வேண்டியது அந்தக் கேள்விக்கு.

நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஈயம் பூசுபவர், அம்மி கொத்துபவர், சாணை பிடிப்பவர் எல்லோரும் நடமாடும் தொழில்காரர்கள்தான். அவர்களுக்கு நோட்டீஸ் கிடையாது, குரல்தான். எங்கள் தெருவுக்கு வந்த ஈயம் பூசுபவரை என் அம்மா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். பூச்சு சீக்கிரம் போய்விட்டால் அடுத்த தடவை வரும்போது பாத்திரத்தை முன்னால் வைப்பார். மனிதர் பேசாமல் மறுபடி பூசிக் கொடுத்துவிட்டுப் போவார். அதே தெருவுக்குத் திரும்ப வர வேண்டும் என்பதால் அவர் வேலை சுத்தமாக இருந்தது. நடமாடும் தொழிலுக்கு அந்தத் திரும்பி வருதல்தான் மூலதனம் என்று நான் நினைக்கிறேன்.

இதைச் சென்னையில் விளம்பரக் கம்பெனியில் இருக்கும் என் அண்ணன் மகனிடம் போனில் சொன்னேன். சிரித்தான். "அத்தை, 'மூணு மணி நேரம் ஆகும்'னு போட்டா யாரும் கூப்பிட மாட்டாங்க. அரை மணின்னு போட்டவனுக்குத்தான் போன் போகும்" என்றான்.

அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. முதல் இரண்டு மாதம் இவனுக்குப் போன் குறைவாகத்தான் வரும். அடகு வட்டி அதற்காகக் காத்திருக்காது. உபதேசம் செய்த எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடுகிறது, நஷ்டம் அவனுக்குத்தான். அதை யோசித்து அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

ஆனாலும் என் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. சொந்தக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. சில வருடங்களுக்கு முன்பு ஒரு சீட்டுக்காரரைப் பற்றி "தெரிந்தவர், நல்ல மனிதர்" என்று நான் சொன்னேன். அதை நம்பி நம் சொந்தத்தில் நாலு குடும்பம் சீட்டுப் போட்டது. ஒருநாள் அவர் ஊரில் இல்லை. யாரும் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. பெரியம்மா மட்டும், "நீ சொன்னியேன்னுதான் சாமி போட்டேன்" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்றிலிருந்து யாருக்கும் என் பெயரைக் கடன் கொடுப்பதில்லை. மாணவன் பெயரை இங்கே எழுதாததும் அதனால்தான். இவன் நல்ல பையன் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் "டீச்சர் சொன்னார்கள்" என்பதற்காக நீங்கள் அவனைக் கூப்பிடக் கூடாது. நோட்டீஸைப் படித்து, கேள்வி கேட்டு, வேலையைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறான விளம்பரத்துக்கு முகம் கொடுத்துப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. அது பெரிய நடிகர்களை நினைத்து எழுதியதாக இருக்கலாம். என் மனதுக்குச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

கடைசியில் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து இப்படி எழுதினோம்:

"கார் கண்ணாடி மாற்றும் வேலை. உங்கள் இடத்துக்கே வருவோம். பன்னிரண்டு வருட அனுபவம்.
சின்னக் கல்லடி என்றால் முழுக் கண்ணாடி மாற்ற வேண்டியதில்லை. போட்டோ அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்.
ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள கண்ணாடி மட்டும். பொருத்தும் முன் முத்திரையைக் காட்டுவோம்.
பசை இறுகும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. எத்தனை மணி நேரம் என்று பில்லில் எழுதித் தருவோம்.
மழையில் வேலை செய்ய மாட்டோம். கேமரா உள்ள கார்களைச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிடுவோம்.
பழைய கண்ணாடியோடு பாஸ்டேக் ஸ்டிக்கரும் போய்விடும். புதியதற்கு முன்கூட்டியே வங்கியில் சொல்லிவையுங்கள்.
ஒரு வருடத்துக்குள் தண்ணீர் ஒழுகினால் நாங்களே வந்து சரிசெய்வோம். வீட்டு முகவரி கீழே."

வீட்டு முகவரியைப் போட அவன் தயங்கினான். "கடை இல்லாதவனுக்கு வீடுதான் கடை" என்றேன். போட்டான். பாஸ்டேக் வரி அவன் யோசனை. சுங்கச்சாவடியில் போய் மாட்டிக்கொண்டு இவனைத் திட்டியவர்கள் நிறைய பேராம்.

இன்னும் இரண்டு சொன்னேன். மரத்தில் ஆணி அடித்து போர்டு மாட்டாதே. ரோட்டில் பேனர் கட்டாதே. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன ஒரு பெண் பிள்ளை இறந்ததை நாடே பார்த்தது. பெட்ரோல் பங்க், பஞ்சர் கடை, கார் வாட்டர் வாஷ் செய்யும் இடம், இவற்றில் அனுமதி கேட்டு நோட்டீஸை ஒட்டு. கண்ணாடி உடைந்தவன் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

இனி உங்களிடம் இரண்டு வேண்டுகோள்.

முதலாவது, அவனோடு படித்த பிள்ளைகளுக்கு. உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் "நம்ம பையன், எல்லாரும் ஐந்து ஸ்டார் போடுங்க" என்று ஓடுவது எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். அவனிடம் கண்ணாடி மாற்றியிருந்தால் போடுங்கள், ஒழுகினால் அதையும் எழுதுங்கள். உதவ நினைப்பவர்கள் அந்த நோட்டீஸில் ஐம்பதை வாங்கி உங்கள் ஊர்ப் பக்கம் கொடுங்கள்.

இரண்டாவது, எல்லோருக்கும். அரை மணி நேரம் என்ற பொய்யை எழுத வைப்பது நம் அவசரம்தான். "சீக்கிரம் முடிப்பா, கல்யாணத்துக்குப் போகணும்" என்று மெக்கானிக் தலைமேல் நிற்பது யார்? இனி யாராவது "மூணு மணி நேரம் ஆகும், பசை காயணும்" என்று சொன்னால், வேறு ஆளைத் தேடாமல் ஒரு டீ குடித்துக் காத்திருங்கள்.

நோட்டீஸ் வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். படித்துப் பார்த்துவிட்டு அவனிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்