பி.டி. பீரியடை கடன் வாங்காதீங்க சார்!

எட்டாம் வகுப்பு பி.டி. பீரியட்னா கபடிக்கு ஏழு பேர், வேப்பமரத்தடிக்கு மிச்சம் முப்பது பேர். அதையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிட்டா சுத்தம்!

ஃபிட்னெஸ்னா மெடல் இல்லீங்க. 2019-ல் ஆரம்பிச்ச ஃபிட் இந்தியா இயக்கத்தோட பள்ளிப் பரிசோதனையைப் பாருங்க. 600 மீட்டர் ஓட்டம் மூச்சுக்கு, புஷ்-அப் தசைக்கு, உட்கார்ந்து கையை நீட்டுறது உடம்பு வளையுதான்னு பார்க்க. மரத்தடி ஆட்களுக்குத்தான் இது முக்கியம்.

5 முதல் 17 வயசு வரை தினம் சராசரி 60 நிமிஷம் உடம்பு அசையணும்ங்குது உலக சுகாதார நிறுவனம். தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா அறுத்த வயல்ல பசங்க அதை அசால்ட்டா முடிப்பாங்க (தாள் காலைக் குத்தும், அது வேற கதை). வயல்ல தண்ணி நிக்கிற மாசங்கள்ல? பள்ளிக்கூட மைதானம்தான் கதி.

மூணு மாசத்துக்கு ஒருக்கா எல்லாருக்கும் 600 மீட்டர் நேரம் குறிங்க. பக்கத்துப் பையனோட ஒப்பிட வேணாம், அவனவன் போன தடவை ஓடினதோட மட்டும்.