கவலைப்படும் பிள்ளையின் ஈமானை அளக்காதீர்கள்



"தவக்குல் உள்ளவனுக்கு மனக்கவலை ஏது?" பயான் மேடையில் எளிதாக எடுபடும் கேள்வி இது. வீட்டிலோ, தேர்வு முடிவுக்கும் வளைகுடா விசாவுக்கும் காத்துக் கிடக்கும் பிள்ளையின் தலையில் இது அடியாக விழுகிறது. இதை மார்க்கமென்று சொல்வதை நாம் மறுக்கிறோம்.

மகன் எங்கே, எப்போது திரும்புவான் என்றறியாமல் யஃகூப் (அலை) அவர்கள் நெடுங்காலம் காத்திருந்தார்கள். துயரால் அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்கிறது சூரா யூசுஃபின் 84ஆம் வசனம். அந்த நபியின் ஈமானில் குறை காணத் துணிவோர் உண்டா? அடுத்த வசனத்தில் அவர்களைக் கடிந்துகொள்வோர் யாரென்று பாருங்கள். அத்துயருக்குக் காரணமான மக்களேதாம்! 87ஆம் வசனத்தில் அதே தந்தை, நம்பிக்கை இழக்காமல் யூசுஃபைத் தேடுங்கள் என்று அவர்களை அனுப்புகிறார்கள். துயரும் தவக்குலும் முயற்சியும் ஒரே உள்ளத்தில் இருந்தன.

நம் தஞ்சை மண்ணுக்கு இது தெரியாததா? மேட்டூர் அணை திறக்கும் மரபு நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை ஓர் ஆண்டும் அந்நாளில் திறக்கவில்லை. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தது, 2024இல் ஜூலை 28 ஆயிற்று. பம்புசெட் உள்ளவர் குறுவைக்கு நாற்று விட்டார். இல்லாதவர் குறுவையை விட்டுச் சம்பாவுக்குக் காத்திருந்தார், அல்லது நேரடி விதைப்புக்கு மாறினார். வயலுக்கு இரண்டாம் வழி வைத்திருக்கும் அத்தா, மகனிடம் மட்டும் "நீட், இல்லையேல் ஒன்றுமில்லை" என்பது என்ன நியாயம்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழி (திர்மிதீ) அவனுக்கும் உரியதே.

நாமும் தவறியவர்களே. விசாவுக்குக் காத்திருந்த மாணவர் ஒருவர் நம்மிடம் வந்தார். இரண்டு ரக்அத் தொழச் சொல்லி அனுப்பிவிட்டோம். வாரக்கணக்கில் அவர் உறங்கவில்லை என்பது பின்னரே தெரிந்தது. தொழச் சொன்னது பிழையன்று, ஒரு கேள்வியும் கேளாமல் அனுப்பியதே பிழை.

நிச்சயமின்மையைத் தாங்க இயலாத மனம் உறுதிமொழி தேடி அலையும். கைபேசியை நூறு முறை பார்க்கும், உம்மாவிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும். கிடைக்கும் ஆறுதல் சிறிது நேரத்தில் கரைந்துவிடும். "கட்டாயம் கிடைத்துவிடும்" என்று பொய்யுறுதி கொடுக்காதீர்கள். "தெரியாது, ஆனால் எதுவாயினும் உன்னுடன் இருப்போம்" என்று கூறி, அன்றன்றைய வேலையில் அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கவலையிலிருந்தும் துயரிலிருந்தும் நபி (ஸல்) அவர்களே பாதுகாவல் தேடினார்கள் (புகாரி). அந்த துஆவைக் கற்றுக்கொடுங்கள். உறக்கமும் உணவும் குறைந்தால் மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.